காட்டுக்குள் கல்லூரி நண்பர்கள்: சின்ன பட்ஜெட்டில் ஒரு காமெடிப் படம் எடுக்க

ஹாஸ்டலில் ஒன்றாக இருந்தவர்கள் இருபது வருஷம் கழித்து மலையில் ஒரு எஸ்டேட் பங்களாவில் கூடுகிறார்கள், மழையோ யானையோ வழியை மறிக்க இரண்டு ராத்திரி அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். இந்த ஒன்லைனைக் கையில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். நாங்களும் இதையே நாற்பது நிமிடப் படமாக எடுத்தோம், யூனிட் மொத்தம் ஒன்பது பேர். அப்போது கற்றுக்கொண்டதை, எடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கதை. காட்டில் என்ன நடக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தால் சிறுத்தை, பேய், கடத்தல்காரன் என்று எங்கேயோ போய்விடும். அதற்கு முன்னால் இந்த நண்பர்களுக்குள் தீராத கணக்கு ஒன்று வேண்டும், அதுவும் சின்னதாக இருக்க வேண்டும். எங்கள் படத்தில் அது ஒரு பரீட்சை ஃபீஸ். மூன்றாம் வருஷம் ஒருவனுக்குக் கட்டப் பணமில்லை, கடைசி நாள் யாரோ கட்டிவிட்டார்கள். இருபது வருஷம் கழித்துப் பேச்சு வரும்போது மூன்று பேர் ‘நான்தான் கட்டினேன்’ என்கிறார்கள், மூன்று பேருமே அதை மனதார நம்புகிறார்கள். ஒருவர் மோதிரம் அடகு வைத்த கதை சொல்கிறார், இன்னொருவருக்கு அன்றைக்குப் பெய்த மழைகூட ஞாபகம் இருக்கிறது. யார் கட்டியது என்று தெரிந்த ஒரே ஆள் வாயைத் திறப்பதில்லை. தொகை பெரிதாக இருந்திருந்தால் இது சண்டைப் படம் ஆகியிருக்கும், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் என்பதால்தான் சிரிக்க முடிகிறது. இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கும் வரை லொகேஷன் பார்க்கக் கிளம்ப வேண்டாம். அப்புறம், ஃபிளாஷ்பேக் எடுக்காதீர்கள். பழைய சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லட்டும், பார்ப்பவர் மனதில் ஓடும் அந்தக் கல்லூரிக்கு உங்களுக்குச் செலவே கிடையாது.

ஐந்து பேருக்கு மேல் வைத்தால் யாருக்கும் முகம் இருக்காது. அதில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும், ஆனால் யாருடைய பழைய காதலியாகவும் மட்டும் இல்லாமல், அந்த நண்பர் கூட்டத்தில் ஒருத்தியாக, அந்த ஃபீஸ் கணக்கில் அவளுக்கும் ஒரு பங்கோடு.

வசனத்தில் நான் மிகவும் கவனிக்கச் சொல்வது முதல் அரை மணி நேரத்துப் பேச்சை. ரொம்ப நாள் கழித்துப் பார்க்கும் நண்பர்கள் எடுத்த எடுப்பில் ‘டேய் மச்சான்’ என்று கட்டிப்பிடிப்பது சினிமாவில்தான் அதிகம். நிஜத்தில் ‘வாடா’வா ‘வாங்க’வா என்று நாக்கு தடுமாறும், ஒருவருக்கு முடி கொட்டியிருக்கும், இன்னொருவர் பெரிய அதிகாரி ஆகியிருப்பார். அப்போது நம் ஆட்கள் நீயும் போடாமல் நீங்களும் போடாமல் ‘எப்ப வந்தது?’, ‘சாப்பாடு ஆச்சா?’, ‘எத்தனை நாள் லீவு?’ என்று ஆளையே தொடாமல் பேசுவார்கள். இதைப் பத்து நிமிடம் இழுங்கள். பிறகு யாரோ ஒருவர் வாய்தவறிப் பழைய பட்டப்பெயரைச் சொல்லிவிட, ஒரு நொடி எல்லோரும் அமைதியாகி, அந்தப் பெயருக்கு உரியவர் திரும்பிப் பார்க்கிறார். அங்கே தியேட்டர் சிரிக்கும், அந்தச் சிரிப்புக்கு வேறு ஜோக் எதுவும் தேவைப்படாது.

குடியை நம்பி சீன் எழுதுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். போதையில் யார் எதை வேண்டுமானாலும் உளறலாம் என்றால், ஒருவர் உண்மையைச் சொல்வதற்கு எந்தத் துணிச்சலும் தேவையில்லாமல் போகிறது. பசி, குளிர், தூக்கமின்மை, ஒரே கழிவறை ஆகியவை இதைவிட நன்றாக வேலை செய்யும். அதேபோல ‘சிக்னல் இல்லை’ என்று ஒரே வசனத்தில் போனைக் கொன்றுவிடாதீர்கள். மலையில் எங்காவது ஒரு பாறை மேல் மட்டும் ஒரு புள்ளி சிக்னல் வரும். எல்லோரும் வீட்டுக்குப் பேச அங்கேதான் ஏற வேண்டும், ஒருவர் பேசுவது வரிசையில் நிற்கும் மற்ற நால்வருக்கும் கேட்கும். கிண்டல் செய்துகொண்டு நிற்பவர்கள், நண்பன் தன் மகளிடம் வேறு குரலில் பேசுவதைக் கேட்டதும் சும்மா ஆகிவிடுகிறார்கள். எங்கள் படத்தில் மூன்று முக்கியமான சீன் அந்தப் பாறையில்தான்.

சரி, இடம். காடு என்றால் காப்புக்காட்டுக்குள் போகத்தான் வேண்டும் என்றில்லை. சரணாலயத்துக்குள் கேமராவோடு போக 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும், அந்த அலைச்சலைச் சின்ன யூனிட் தாங்காது. அனுமதி இல்லாமல் ஓரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நல்ல வழி, பழைய காப்பித் தோட்டம். ஏற்காடு, சிறுமலை, கொல்லிமலைப் பக்கம் தனியார் தோட்டங்களில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் ஓங்கி நிற்கும், அதில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், கீழே காப்பிச் செடி இடுப்பளவுக்கு அடர்ந்திருக்கும். செடியின் வரிசை தெரியாமல் கேமராவைத் தாழ்த்தி வைத்தால் அசல் காடுதான். காப்பி பறிக்கும் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் தோட்டத்தில் ஆள் நடமாட்டம் அதிகம், முதலாளிக்கும் நம்மோடு பேச நேரம் இருக்காது. பிப்ரவரியில் போங்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், ஜெனரேட்டர் வண்டி ஏறுமா என்று முன்னாடியே ஒருமுறை போய்ப் பாருங்கள்.

பிப்ரவரியில் ஒரே ஆபத்து நெருப்பு. இந்த மாதிரிப் படம் என்றாலே தீ மூட்டிச் சுற்றி உட்காரும் சீன் ஒன்று எல்லோர் மனதிலும் இருக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன இளைஞர்கள் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம், தனியார் தோட்டத்திலும் காய்ந்த சருகு மேல் ஒரு பொறி போதும். நாங்கள் நான்கு கல்லுக்கு நடுவே சின்ன எல்.இ.டி. விளக்குகளை வைத்து, ஆரஞ்சு நிறத்தாள் சுற்றி, ஒருவர் அதன் முன்னால் விரல்களை அசைத்துக்கொண்டே இருந்தார். ஃபிரேமில் தீ தெரியாது, முகங்களில் அதன் ஆட்டம் மட்டும் தெரியும். பார்த்த ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை.

விலங்குகளையும் மறந்துவிடுங்கள். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டுவதை மத்திய அரசு 1998இலேயே தடை செய்துவிட்டது. நாயோ ஆடோ நடிக்க வேண்டும் என்றாலும் விலங்குகள் நல வாரியத்திடம் முன்அனுமதி வாங்க வேண்டும், முன்பு சென்னையில் இருந்த அதன் தலைமையகம் இப்போது ஹரியானாவில் இருக்கிறது. இருட்டில் மூங்கில் முறியும் சத்தம், சாணியில் இன்னும் எழும் ஆவி, இவை போதும். யானை வராமலே ஐந்து பேரின் குணத்தையும் காட்டிவிடலாம்: ஓடுபவன் யார், அடுத்தவன் கையைப் பிடிப்பவன் யார், அப்போதும் அறிவுரை சொல்பவன் யார்.

வெளிச்சம் விஷயத்தில் இலைக்கூரை ஏமாற்றும். கண்ணுக்கு அழகாகத் தெரியும், மானிட்டரில் முகமெல்லாம் பச்சை ஏறியிருக்கும். பக்கத்தில் ஒரு வெள்ளை தெர்மோகோல் அட்டை பிடித்தால் பாதி சரியாகும். பத்து மணி முதல் மூன்று வரை முகத்தில் புள்ளி புள்ளியாக வெயில் விழும், அந்த நேரத்தில் பங்களாவுக்குள் எடுக்கும் சீன்களை முடியுங்கள். பள்ளத்தாக்கில் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும், அதனால் கால்ஷீட்டைக் காலை ஆறரைக்குத் தொடங்குங்கள். இரவு சீன்களுக்குக் கதைக்குள் இருக்கும் டார்ச்சும் ஜீப் விளக்குமே வெளிச்சம், பாக்கியை அந்தி மங்கும் இருபது நிமிடத்தில் எடுங்கள். அந்த இருபது நிமிடத்துக்காக மதியமே ஒத்திகை பார்த்துவிட வேண்டும்.

ஒலிக்குக் காசு ஒதுக்குங்கள், கேமரா வாடகையைக் குறைத்தாவது. நண்பர்கள் பேச்சு என்பது ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் நுழைவதுதான், அதை டப்பிங்கில் கொண்டுவர முடியாது. ஆளுக்கொரு காலர் மைக் போட்டு லைவாக எடுங்கள். சில்வண்டு ஒன்று கத்த ஆரம்பித்தால் காடே கத்தும், திடீரென்று எல்லாம் சேர்ந்து நிறுத்தும். ஒரு ஷாட்டில் சத்தம், அடுத்த ஷாட்டில் அமைதி என்றால் எடிட்டில் வெட்டு அப்படியே தெரியும். ஒவ்வொரு சீன் முடிந்ததும் யூனிட் முழுக்க வாயை மூடி நிற்க, இரண்டு நிமிடம் வெறும் ஆம்பியன்ஸ், அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் ஒலியை, பதிவு செய்யுங்கள். எங்களுக்கு முதல் நாள் இது தோன்றவில்லை, அந்த நாளின் இரண்டு சீன்களில் இன்றைக்கும் ஒலி குதிக்கிறது.

தோட்டத்துக் காவலர் சொல்வதை வேதமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தரைக்குக் கிளம்பச் சொன்னால் ஷாட் பாதியில் இருந்தாலும் கிளம்புங்கள், எந்த வழியாக யானை இறங்கும் என்று அவருக்குத்தான் தெரியும். வால்பாறை மாதிரி மழைக்காடு என்றால் அட்டைக்கடிக்கு உப்பும் நீண்ட காலுறையும் வேண்டும். மதியம் சூடாக ரசம் சாதமாவது எல்லோருக்கும் கிடைக்கட்டும், பசியோடு இருக்கும் நடிகரிடம் டைமிங் எதிர்பார்க்க முடியாது.

எடிட்டில் சிரிப்பு வந்த இடத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு நொடி விடுங்கள், அடுத்த வசனத்தை அதன் தலையில் ஏற்றாதீர்கள். மூன்று பேரும் ‘நான்தான் கட்டினேன்’ என்று கத்தும் சீனை நாங்கள் பேசுகிற முகங்களில் வெட்டி வெட்டிப் பார்த்தோம், சரியாக வரவில்லை. கடைசியில் அவர்கள் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஓரத்தில் காப்பி டம்ளரை உருட்டிக்கொண்டிருக்கும், உண்மை தெரிந்த அந்த ஒருத்தியின் முகத்தில் நாற்பது நொடி நிறுத்தினோம்.