மாதத் தவணையைப் பார்த்து இதழியல் கல்லூரி தேடாதீர்கள்

போன ஆண்டு ஆகஸ்ட்டில் எதிர்வீட்டுப் பெண் ஒரு தனியார் கல்லூரியின் பளபளப்பான விளம்பரத் தாளோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் யாருக்கு என்ன படிவம் என்றாலும் என் சமையலறை மேசைக்குத்தான் வரும். பல வருடம் பத்திரிகை அலுவலகத்தில் மற்றவர் எழுதியதைத் திருத்திய பாவம். "அங்கிள், மாதாமாதம் கொஞ்சம் கட்டினால் போதுமாம். இதழியல் டிப்ளமா" என்றாள். அம்மா துணிக்கடையில் கேஷியர், அப்பா இல்லை. தாளின் பின்பக்கத்திலேயே பேனாவால் கணக்குப் போட்டேன். பதிவுக் கட்டணம், வருடத்துக்குப் பத்துத் தவணை, புத்தகம், மூன்று வருடம். கூட்டிக் காட்டியதும் அவள் அம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

குறைந்த வருமானக் குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். தவணை சின்னதாகத் தெரிந்தால் படிப்பும் மலிவு என்று நினைத்துவிடுகிறோம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தக் கட்டணத்தை யார் கட்டப் போகிறார்கள்? தேசிய மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்எஃப்ஏஎஸ், அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் தொழிற்கல்வி தரும் அரசின் டிவெட் கல்லூரிகளுக்கும் மட்டுமே பணம் தரும். தனியார் கல்லூரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அங்கே படிக்க அது ஒரு ராண்ட் கூடத் தராது. அரசுப் பல்கலைக்கழகத்தின் ஆண்டுக் கட்டணம் பார்க்க மலைபோல் இருக்கும். ஆனால் உதவித்தொகை கிடைத்தால் படிப்புக் கட்டணத்தை அது ஏற்கும், புத்தகத்துக்கும், தங்குவதற்கோ போக்குவரத்துக்கோ ஒரு தொகையும் வரும். கண்ணுக்குப் பெரிய எண்தான் கைக்கு மலிவு.

"நமக்கெல்லாம் கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே விடுவது அடுத்தது. முன்பு குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 1,22,000 ராண்ட்தான். அந்தக் காலத்தில் விண்ணப்பித்து மறுக்கப்பட்ட அண்ணனோ மாமாவோ ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருப்பார், அவர் சொல்வதே வேதவாக்கு. 2018-லேயே அந்த வரம்பு 3,50,000 ஆக உயர்ந்தது, கடனாக இருந்ததும் திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவித்தொகையாக மாறியது. அதாவது குடும்ப வருமானம் மாதத்துக்கு ஏறத்தாழ 29,000 வரை இருக்கலாம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வரம்பு 6,00,000. சமூகப் பாதுகாப்பு முகமையான சாஸாவின் உதவித்தொகை வாங்கும் பிள்ளையின் வருமானத் தகுதியைத் தனியாக நிரூபிக்கவே தேவையில்லை. 3,50,000-க்கு மேல் 6,00,000 வரை உள்ளவர்கள்தான் இரண்டுங்கெட்டான் நிலையில் நிற்கிறார்கள். அவர்களுக்காக 2024-இல் அரசு அறிவித்தது கடன் திட்டம், வட்டியோடு திரும்பக் கட்ட வேண்டியது. அதையும் உதவித்தொகை என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

இனி, விண்ணப்பத்தை அடுத்தவர் கையில் கொடுப்பது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் கடைத்தெருவில் ஓர் இன்டர்நெட் கடையில் காசு கொடுத்து விண்ணப்பம் போட்டான். கடைக்காரர் அவசரத்தில் தன் செல்பேசி எண்ணையே போட்டுவிட்டார். ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். ஜனவரியில் பையன் போய்ப் பார்த்தால் கடை பூட்டிக் கிடக்கிறது. ஒரு ஆவணம் விட்டுப்போயிருந்தது, அதைக் கேட்டு வந்த செய்தியும் அவன் கண்ணில் படவில்லை. அந்த வருடம் போயிற்று. என்எஸ்எஃப்ஏஎஸ் விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. அடையாள அட்டை, பெற்றோரின் அடையாள அட்டை, வருமானச் சான்று, பெற்றோரின் ஒப்புதல், இவ்வளவுதான். எண் பிள்ளையுடையதாக இருக்கட்டும். மூன்று வருடத்துக்கு அந்த சிம்மை மாற்றக் கூடாது என்று சொல்லி வையுங்கள்.

உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் இடமும் கிடைத்துவிடும் என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு. எங்கள் மாகாணமான குவாசுலு-நேட்டாலின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு டர்பனிலுள்ள மத்திய விண்ணப்ப அலுவலகம், அதாவது சிஏஓ வழியாகப் போக வேண்டும். ஒரே கட்டணத்தில் பல தேர்வுகளை வரிசைப்படுத்தலாம். பெரும்பாலான படிப்புகளுக்கு செப்டம்பர் 30 கடைசி நாள், மெட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வரும் வரை காத்திருந்தால் கதை முடிந்தது.

சரி, எங்கே படிப்பது? "ஜர்னலிசம்" என்ற பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெருமையையும் மட்டும் பார்த்துத் தேடுவதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது. மகாண்டாவில் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு இதழியல் பட்டத்துக்கு நல்ல பெயர், சந்தேகமில்லை. ஆனால் டர்பனிலிருந்து பஸ்ஸில் அது ஒரு முழுநாள் பயணம், விடுதி தவிர வேறு வழியில்லை. ஸ்டெல்லன்போஷ், விட்ஸ் பல்கலைக்கழகங்கள் இதழியலைச் சொல்லித் தருவது பட்டம் முடித்தவர்களுக்கு, அதற்கு மேல் படிக்கும் ஹானர்ஸ் நிலையில். அங்கேதான் பொறி: என்எஸ்எஃப்ஏஎஸ் முதல் இளநிலைப் படிப்புக்கானது, ஹானர்ஸுக்கு வராது. முதல் மூன்று வருடம் இலவசமாகப் போய், வேலைக்கு உதவும் நான்காம் வருடத்துக்குக் கையை விரிக்க நேரும்.

நம் காலடியிலேயே டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மூன்றாண்டு இதழியல் டிப்ளமாவோடு. ஒப்பந்தக் கூலியாக இந்த நாட்டுக்கு வந்த எம். எல். சுல்தானின் நன்கொடையில் எழுந்த கல்லூரியும் டெக்னிகான் நேட்டால் என்ற தொழில்நுட்பக் கல்லூரியும் 2002-இல் இணைந்து உருவானது அது. டிப்ளமா என்றதும் நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். செய்தி அறையில் அப்படி யாரும் சுளித்து நான் பார்த்ததில்லை. தலைப்புப் போடத் தெரியுமா, பெயரைப் பிழையில்லாமல் எழுதுகிறாயா என்றுதான் கேட்பார்கள். மினிபஸ் டாக்ஸியில் போய் வரலாம், வீட்டுச் சாப்பாடு. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் ஊடகவியலை எடுத்து பி.ஏ. படிப்பதும் ஒரு வழி. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டியவர்களுக்கு தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகமான யூனிசாவில் தொலைநிலையில் தொடர்பியல் உண்டு, எடுக்கிற பாடத்துக்கு மட்டும் கட்டணம்.

சேர்ந்த பிறகு பாதியில் படிப்பை மாற்றுவதும் காசு விஷயம்தான். படிப்பின் காலத்தோடு ஒரே ஒரு வருடம்தான் கூடுதலாகத் தருவார்கள். மூன்றாண்டுப் படிப்புக்கு நான்கு. வேறு எதிலோ ஒரு வருடத்தைச் செலவழித்துவிட்டு இதழியலுக்கு வந்தால் அந்த மிச்சம் அப்போதே தீர்ந்துவிடும்.

தனியாரில்தான் சேர வேண்டும் என்றால், உயர்கல்வித் துறையின் பதிவேட்டில் கல்லூரியின் பெயரையும், தகுதிகளைப் பதிவுசெய்யும் சாக்வா ஆணையத்தின் பட்டியலில் படிப்பின் எண்ணையும் நிலையையும் நீங்களே பாருங்கள். டிப்ளமா என்றால் நிலை 6, பட்டம் என்றால் 7. "அங்கீகாரம் வந்துகொண்டிருக்கிறது" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் செட்டாக்கள், அதாவது துறைவாரியாகப் பயிற்சிக்கு உதவும் அரசு அமைப்புகள். ஊடகப் பயிற்சிக்கு எல்லோரும் எம்ஐசிடி செட்டாவை மட்டும் தேடுவார்கள். வானொலி, தொலைக்காட்சிக்கு அது சரி. அச்சுப் பத்திரிகைகள் எஃப்பி அண்ட் எம் செட்டாவின் கீழ் வருகின்றன. துணி, மரம், காகிதத்தோடு சேர்ந்திருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

எதிர்வீட்டுப் பெண் இப்போது டிப்ளமா முதலாண்டு. நிருபர் வேலைக்கான விளம்பரங்களில் ஓட்டுநர் உரிமம் கேட்பார்கள், அதற்கு எந்த உதவித்தொகையும் கிடையாது. அதனால் சனிக்கிழமைகளில் என் பழைய டொயோட்டாவில் கிளட்ச் பழகுகிறாள். போன வாரம் கேட்டை இடித்தாள். கேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.