வாள் மெசின் ஓடினால் வெக்யூமும் தானாக ஓட: வீட்டுப் பட்டறைக்கு ஒரு பெட்டி

முதிரைப் பலகை அறுத்த அன்று கழுத்தும் முழங்கையும் அரிக்கத்தான் செய்யும். அந்த மரத்தின் தூள் தோலைத் தடிக்க வைக்கும் என்பது மருத்துவ நூல்களிலும் பதிவான விஷயம். அதைவிடப் பெரிய கவலை கண்ணுக்குத் தெரியாத நுண்தூள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மரத்தூளை 1995இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் தொகுதியில் சேர்த்துவிட்டது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பட்டறையில் கிளம்பிய தூள் அடுப்படி வரைக்கும் போகும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதை விளையாட்டாக எடுக்க ஏலாது.

வெக்யூம் வைத்திருக்கிற பலரும் அதை ஒவ்வொரு வெட்டுக்கும் ஓன் பண்ணுவதில்லை. ஒரு கையில் பலகை, மறு கையில் மெசின். "ஒரு வெட்டுத்தானே" என்று விட்டுவிடுவோம். அந்த ஒரு வெட்டுகள் சேர்ந்துதான் நெஞ்சுக்குள் போகின்றன. வாள் ஓடத் தொடங்கினால் வெக்யூம் தானாகத் தொடங்கி, வாள் நின்ற பிறகு குழாயில் மிஞ்சியதையும் இழுத்துவிட்டுத் தானாக நிற்க வேண்டும். என் பட்டறையில் இப்போது அப்படித்தான் ஓடுகிறது.

மெசினைச் செருகும் சொக்கெற்றோடு வருகிற பட்டறை வெக்யூம்கள் போஷ், மகிட்டா போன்றவற்றில் உண்டு. வாங்க வசதி இருந்தால் அதையே வாங்குங்கள், இந்தப் பெட்டி தேவையில்லை. கீழே உள்ளது, சாதாரண வெக்யூம் ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கு.

வாங்க வேண்டியவை

கரண்ட் ஓடுவதை உணரும் ரிலே (தானாக ஓன், ஓஃப் ஆகும் சுவிச்) ஒன்று: நடுவில் வயர் போக ஓட்டை, உணரும் அளவைக் கூட்டிக் குறைக்கத் திருகு, 230 வோல்ற்றில் வேலை செய்வது. நிறுத்தத்தைத் தாமதிக்கும் டைமர் ஒன்று. 230 வோல்ற்றுக் கொயில் உள்ள கொண்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் ரிலே) ஒன்று. இவற்றோடு 13 அம்பியர் சொக்கெற் இரண்டு, 13 அம்பியர் பியூஸ் போட்ட பிளக், 1.5 சதுர மில்லிமீற்றர் மூன்று கோர் வயர், 2 அம்பியர் பியூஸ், மூடி இறுகப் பொருந்தும் பிளாஸ்ரிக் பெட்டி.

இணையத்தில் பார்த்தால் எல்லாரும் ஆர்டுயினோ என்கிற சின்னக் கணினிச் சேர்க்கிற்றும் நீல நிறச் சின்ன ரிலேயும் வைத்துத்தான் செய்கிறார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். 1200 வாற்று வெக்யூம் ஓடும்போது 5 அம்பியருக்கு மேல் இழுக்கும், தொடங்கும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு. 10 அம்பியர் என்று எழுதியிருக்கும் அந்தச் சின்ன ரிலேயின் முனைகள் இதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு வெக்யூம் நிற்கவே நிற்காது. இன்னொன்று, மட்டக்களப்பில் கல்லடி மாதிரி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள இடத்தில் உப்புக்காற்று திறந்த சேர்க்கிற்றைச் சீக்கிரம் பச்சை பிடிக்க வைக்கும். கொண்டாக்டர் என்றால் தண்ணி மோட்டர் சாமான் விற்கும் கடையிலேயே கிடைக்கும். சம்மாந்துறைப் பக்கம் நெல் ஆலைகளில் வேலை செய்யும் எந்த எலக்ட்ரீசியனுக்கும் அதைத் திருத்தத் தெரியும்.

முதலில் கணக்கு

இரண்டு மெசினின் வாற்றையும் கூட்டி 230ஆல் வகுங்கள். 1500 வாற்று வாளும் 1200 வாற்று வெக்யூமும் என்றால் 2700, அதாவது 11.7 அம்பியர். ஒரு 13 அம்பியர் பிளக்குக்குள் அடங்கும். 1800உம் 1400உம் என்றால் 13.9, அடங்காது. அப்போது வெக்யூமுக்குத் தனிப் பிளக் வைத்து வேறொரு சொக்கெற்றிலிருந்து எடுங்கள். அப்படிச் செய்தால் பெட்டியின் மூடியில் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும்: திறக்க முன் இரண்டு பிளக்கையும் கழற்று. ஒன்றைக் கழற்றினாலும் உள்ளே மற்றதன் கரண்ட் இருக்கும்.

பழைய வீடுகளில் உருண்டை முள்ளுச் சொக்கெற் இருந்தால், அதற்கு எர்த் உண்மையில் இருக்கிறதா என்று லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீசியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் கசிந்தால் தானாக விழும் 30 மில்லி அம்பியர் றிப் சுவிச் இல்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

வயர் இணைப்பு

பிளக் கழற்றியிருக்க வேண்டும், டெஸ்டரை மட்டும் நம்பாமல் மல்டிமீற்றரில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

உள்ளே வரும் லைவ் வயரை இணைப்புக் கட்டையில் மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று, வாள் செருகும் சொக்கெற்றுக்கு. இரண்டு, 2 அம்பியர் பியூஸ் வழியாக உணரும் ரிலேக்கும் டைமருக்கும். மூன்று, கொண்டாக்டர் வழியாக வெக்யூம் செருகும் சொக்கெற்றுக்கு. நியூட்ரலும் அப்படியே பிரியும். வெக்யூமுக்குத் தனிப் பிளக் வைத்திருந்தால் இந்த மூன்றாவது கிளையின் லைவும் நியூட்ரலும் அந்தப் பிளக்கிலிருந்து வர வேண்டும். வெக்யூமின் நியூட்ரலையும் கொண்டாக்டரின் இன்னொரு முனையால் கொண்டுபோனால் நிற்கும்போது இரண்டும் துண்டிக்கப்படும், எனக்கு அதுதான் பிடிக்கும். எர்த்தை எங்கேயும் வெட்டாமல் இரண்டு சொக்கெற்றுக்கும் கொடுங்கள்.

உணரும் ரிலேயின் முனைகள் டைமரின் தூண்டும் முனையை இயக்கும். டைமரின் முனைகள் கொண்டாக்டரின் கொயிலை இயக்கும். கொண்டாக்டர் வெக்யூமை இயக்கும். எந்த முனை எது என்பது டைமரின் பக்கத்தில் படமாக அச்சடித்திருக்கும்.

ஓட்டைக்குள் எந்த வயர்?

என்னை அதிகம் மறித்தது இந்த இடம்தான். இரண்டு விஷயம் இருக்கிறது, இரண்டும் சரியாக இருக்க வேண்டும்.

முதலாவது, உணரும் ரிலேயின் ஓட்டைக்குள் லைவ் வயர் மட்டும் போக வேண்டும். முழு வயரையும் உறையோடு உள்ளே விட்டால் ரிலே அசையாது. லைவில் போகிற கரண்ட் அதே கணத்தில் நியூட்ரலில் எதிர்த்திசையில் திரும்பி வருகிறது. இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். வாள் முழு வேகத்தில் ஓடினாலும் ரிலேக்கு ஒன்றும் ஓடாத மாதிரித்தான் இருக்கும்.

இரண்டாவது, அந்த லைவ் வாளின் சொக்கெற்றுக்குப் போகிற கிளையாக இருக்க வேண்டும், மூன்றாகப் பிரிய முன் உள்ள வயராக இருக்கக் கூடாது. பிரிய முன் உள்ளதை ஓட்டைக்குள் விட்டால் முதலில் எல்லாம் சரியாகவே நடக்கும்: வாள் ஓடும், வெக்யூம் தொடங்கும். வாளை நிறுத்திய பிறகும் வெக்யூம் ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் இப்போது ரிலே உணர்வது வெக்யூமின் சொந்தக் கரண்டை. டைமர் பழுது என்று நினைத்து மாற்ற வேண்டாம், முதலில் இந்த வயரைப் பாருங்கள்.

200 வாற்றுச் சாண்டர் ஓர் அம்பியரும் இழுக்காது. அதை ரிலே உணராவிட்டால் அதே லைவ் வயரை ஓட்டைக்குள் மூன்று சுற்றுச் சுற்றுங்கள். ரிலேக்கு மூன்று மடங்காகத் தெரியும். மறுகா திருகைச் சரிப்படுத்துங்கள்: சாண்டருக்கு வேலை செய்ய வேண்டும், சும்மா செருகியிருக்கும் சார்ஜருக்கு வேலை செய்யக் கூடாது.

நேரம்

நிறுத்தத் தாமதம் 7 செக்கன் போதும், குழாய் நீளம் என்றால் 10. தொடக்கத்திலும் ஒன்று இரண்டு செக்கன் தாமதம் தருகிற டைமர் கிடைத்தால் விலை பார்க்காமல் அதை வாங்குங்கள். இரண்டு மோட்டரும் ஒரே கணத்தில் கிளம்பினால் பிரேக்கர் விழ இடமுண்டு.

முதல் சோதனையை வெக்யூமுக்குப் பதில் ஒரு மேசை விளக்கைச் செருகிச் செய்யுங்கள். வாள் ஓடி விளக்கு எரிந்து, வாள் நின்று சில செக்கனில் விளக்கு அணைந்தால் வெக்யூமைச் செருகலாம்.

பிறகு சேர்த்தவை

இதைப் பார்த்துச் செய்தவர்களுக்கு வந்த சிக்கல்கள் இவை.

உணரும் ரிலேயில் இரண்டு வகை உண்டு. உள்ளே உண்மையான முனைகள் இருப்பது ஒன்று, எலக்ட்ரோனிக் சுவிச் இருப்பது மற்றது. இரண்டாவது வகை ஓஃப் ஆன நிலையிலும் கொஞ்சம் கரண்டைக் கசிய விடும். சில டைமர்களுக்கு அந்தக் கசிவே போதும், நிற்காமல் பிடித்துக்கொள்ளும். முனை உள்ள வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

பற்றரி மெசினை எந்த ரிலேயும் உணராது. ரிலேயின் முனைகளுக்குச் சமாந்தரமாக 230 வோல்ற்றுக்கான சாதாரண சுவிச் ஒன்றைப் பெட்டியின் வெளியில் வையுங்கள். நிலம் கூட்டவும் அது உதவும்.

இரும்பு வெட்டும் கிரைண்டரை இந்த வெக்யூமோடு ஒருநாளும் இணைக்க வேண்டாம். தீப்பொறி மரத்தூளுக்குள் போய்ப் புகைந்து, நீங்கள் பட்டறையைப் பூட்டிய பிறகு பற்றும்.

பின்னேரங்களில் கொண்டாக்டர் கடகடவென்று அடிக்கிறது என்று சிலர் சொன்னார்கள். கொண்டாக்டரின் கொயில் அதன் வோல்ற்றின் 85 சதவீதத்திலிருந்து பிடிக்கும்படி செய்யப்படுவது, அதாவது ஏறத்தாழ 195 வோல்ற்று. வீட்டுக்கு வருவது அதற்குக் கீழே இறங்கினால் அது பிடித்துப் பிடித்து விடும், முனைகள் கருகும். மல்டிமீற்றரை வாள் ஓடும் நேரத்தில் சொக்கெற்றில் வைத்துப் பாருங்கள். வாள் ஓடும்போது மட்டும் இறங்கினால் நீளமான, மெல்லிய எக்ஸ்ரென்ஷன் வயர்தான் காரணமாக இருக்கும், அதை மாற்றுங்கள். வாள் ஓடாதபோதும் குறைவாக இருந்தால் மின்சாரம் தரும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள், அதுவரை அந்த நேரத்தில் பெட்டியைப் பாவிக்க வேண்டாம்.