டெக் இன்டர்வியூ: பதில் தெரிந்தும் கோட்டை விடும் இடங்கள்

இன்டர்வியூவில் எதிரே இருப்பவர் நீங்கள் பேசப் பேச ஏதோ டைப் அடித்துக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தத்திலேயே பலருக்குக் கை நடுங்கிவிடும். அவர் எழுதுவது உங்களைப் பற்றிய குறிப்பு. பெரிய டெக் கம்பெனிகள் பலவற்றில் ஆளை எடுப்பதா வேண்டாமா என்று அவர் ஒருவரே முடிவு செய்வதில்லை. நாலைந்து பேர் எழுதிய குறிப்புகளை ஒன்றாக வைத்துத்தான் பேசுவார்கள். கூகுளில் அதற்கென்றே குழு வைத்து முடிவெடுக்கும் வழக்கம் உண்டு. அந்தக் குழுவில் இருப்பவர்கள் உங்கள் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். பதில் தெரியாமல் போனவர்களைவிட, தெரிந்தும் அந்தக் குறிப்பில் எழுத ஒன்றும் கொடுக்காமல் போனவர்கள்தான் அதிகம் என்று தோன்றுகிறது.

கேள்வி முடிவதற்குள் கோடு (புரோகிராம்) எழுத ஆரம்பிப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். 'ஒரு பட்டியலில் எண்கள் இருக்கின்றன. கூட்டினால் இன்ன தொகை வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடியுங்கள்' என்று கேட்கிறார்கள். நூறு முறை பயிற்சி செய்த கணக்கு, கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஒரே எண் இரண்டு முறை வரலாமா? ஜோடியே இல்லையென்றால் என்ன தர வேண்டும்? பட்டியல் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக இருக்கிறதா? எவ்வளவு நீளம்? கேள்வியை வேண்டுமென்றே அரைகுறையாக விடுவது, இதையெல்லாம் கேட்கிறீர்களா என்று பார்க்கத்தான்.

நீளத்தைக் கேட்பது சடங்கு இல்லை. 1,000 எண்கள் என்றால் லூப்புக்குள் லூப் போட்டு, அதாவது ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் சேர்த்து, எல்லா ஜோடியையும் பார்த்தாலும் சுமார் 5 லட்சம்தான். கண் மூடித் திறப்பதற்குள் முடியும். 1 லட்சம் எண்கள் என்றால் ஜோடிகள் கிட்டத்தட்ட 500 கோடி. அங்கேதான் ஹேஷ் மேப் (பார்த்த எண்களைக் குறித்து வைத்து, கேட்டவுடன் எடுத்துத் தரும் அமைப்பு) வேண்டும், ஒரே சுற்றில் வேலை முடியும். வரிசையாக இருந்தால் அதுவும் வேண்டாம். இரு முனையிலிருந்தும் நகர்ந்து வந்தால் போதும். பதிலையே மாற்றும் கேள்விகள் இவை.

அப்புறம், மௌனம். இதில் நான் அனுபவசாலி. ஒரு கம்பெனியில் பத்து நிமிடம் வாயே திறக்காமல் யோசித்தேன். முதல் வழி ஏன் சரிவராது என்று மனதுக்குள் சரியாகவே கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டு, இரண்டாவதை எழுதினேன். வேலை கிடைக்கவில்லை. குறிப்பு எழுதும் பக்கத்துக்கு வந்த பிறகுதான் புரிந்தது: நான் ஒதுக்கிய வழி அவருக்கு எப்படித் தெரியும்? எளிய வழியை முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள், அதில் என்ன குறை என்பதையும் சொல்லுங்கள். 'அந்த லூப்பை இன்னொரு தடவை பார்க்கலாமா?' என்று அவர் கேட்டால், அது கைகொடுப்பது. 'இல்லை, சரியாகத்தான் இருக்கிறது' என்று மல்லுக்கு நிற்பவர்கள் உண்டு.

எழுதியதைக் கையால் ஓட்டிப் பார்க்காமல் 'முடித்துவிட்டேன்' என்று சொல்வதும் அப்படித்தான். காலிப் பட்டியல், ஒரே ஒரு எண், இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஜாவா என்ற புரோகிராம் மொழியோடு வரும் பைனரி சர்ச்சிலேயே (வரிசையான பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் முறை), நடுப்புள்ளி காண இரண்டு எண்களைக் கூட்டும் வரியில் ஒரு பிழை சுமார் 9 வருடம் பதுங்கியிருந்து 2006-ல்தான் பரவலாகத் தெரிய வந்தது. நம் கோடு எம்மாத்திரம்!

பழைய வேலையைப் பற்றிக் கேட்கும்போது 'நாங்கள்' என்றே பேசுவது இன்னொரு சிக்கல். 'நான்' என்றால் தற்பெருமை என்று வளர்ந்த வாய்க்கு இது கஷ்டம். ஆனால் 'சைட்டை வேகமாக்கினோம்' என்பதிலிருந்து அவரால் எதை எழுத முடியும்? 'டேட்டாபேஸில் மெதுவாக ஓடும் குவெரிகளின் (தகவல் கேட்கும் கட்டளைகளின்) பதிவைப் பார்த்தேன், ஒன்றுக்கு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) இல்லை, சேர்த்தேன், 4 விநாடி எடுத்த பக்கம் அரை விநாடிக்கு வந்தது' என்றால் எழுதலாம். மற்றவர்கள் செய்ததை அவர்கள் பெயரிலேயே விடுங்கள். ரெஸ்யூமில் தெரியாத டெக்னாலஜியைச் சேர்ப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

விடுகதைப் புதிர்களை மனப்பாடம் செய்வதையும் விடலாம். அவை வெறும் நேர விரயம் என்று கூகுளின் மனிதவளத் தலைவரே 2013-ல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

நிராகரித்தால் காரணம் சொல்லாத கம்பெனிகள் நிறைய. அதனால் கேட்ட கேள்விகள், தடுமாறிய இடங்கள் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வைக்காமல் விடுவதும் தவறுதான். மறுநாள் பாதி மறந்துவிடும். என் பழைய நோட்டில் ஒரு வரி இருக்கிறது: 'பட்டியல் காலியாக இருந்தால்? கேட்கவில்லை.' மூன்று இன்டர்வியூ தள்ளி, அதே வரி மறுபடியும் இருக்கிறது, அடிக்கோட்டோடு.