வீட்டு லேஅவுட்டுக்கு ஒரு குட்டி ஷண்டிங் இன்ஜின்: எதைப் பார்த்து வாங்குவது?

மாடல் ரயில் லேஅவுட்டில், அதாவது வீட்டில் பலகை மேல் போடும் குட்டி ரயில் பாதையில், ஷண்டிங் இன்ஜினுக்கு வேலை ஒன்றுதான். நாலைந்து வேகன்களை மெதுவாக இழுத்து வந்து நிறுத்த வேண்டும். பாயின்ட் (ரயிலை வேறு லைனுக்குத் திருப்பிவிடும் தண்டவாளப் பிரிவு) திரும்பியதும் வேறு லைனில் மெதுவாகத் தள்ளிவிட வேண்டும். இந்த வேலைக்கான மாடலை அழகை மட்டும் பார்த்து வாங்கினால் ஒரு வாரத்தில் அலுத்துப்போகும். பாயின்ட் மேல் நிற்காமல் ஊர்ந்து போகுமா என்று முதலில் பாருங்கள். பெயின்ட், நம்பர், புகைபோக்கியின் வடிவம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இங்கே சொல்வதெல்லாம் கரி இன்ஜின் உருவத்தில், 12 வோல்ட் மோட்டாரில் ஓடும் மாடல்களுக்கு. நிஜ நீராவியில் ஓடும் மாடல்களுக்கு இவை பொருந்தாது.

முதலில் பலகையை அளந்துகொள்ளுங்கள்

கோவை, ஈரோட்டு வீடுகளில் இதற்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் அலமாரிக்கு மேலோ, மாடி அறையில் ஒரு சுவரோரமோதான். அந்த இடத்தில் நாலடி நீளம், ஓரடி அகலத்தில் 12 மி.மீ. பிளைவுட் ஒன்று போட்டாலே நல்ல ஷண்டிங் லேஅவுட் அமையும். பிரிட்டிஷ் மாடல் ரயில்காரர் ஆலன் ரைட் வகுத்த 'இங்கிள்நுக்' என்ற ஷண்டிங் புதிர் அமைப்புக்கு இரண்டு பாயின்ட், மூன்று சைடிங் (வேகன்களை நிறுத்தும் கிளை லைன்), எட்டு வேகன் போதும். ஒரு சைடிங்கில் ஐந்து வேகன், மற்ற இரண்டில் மும்மூன்று நிற்க இடம் வேண்டும். இன்ஜின் முன்னும் பின்னும் போய்வரும் லைனில் இன்ஜினோடு மூன்று வேகன் அடங்க வேண்டும். எட்டில் ஐந்தைச் சீட்டுப் போட்டு எடுத்து, அதே வரிசையில் நீள சைடிங்கில் சேர்ப்பதுதான் ஆட்டம். அப்படி அமையக்கூடிய வரிசைகள் 6,720.

இன்ஜினின் நீளம் முக்கியமாவது இங்கேதான். ஓஓ அளவில், அதாவது 1:76இல், நான்கு சக்கர வேகன் ஒன்று கப்ளிங்கோடு (வண்டிகளை இணைக்கும் கொக்கி) சுமார் 90 மி.மீ. வரும். மூன்று வேகனுக்கு 270. 110 மி.மீ. நீள டேங்க் இன்ஜினைச் சேர்த்தால் 380. பெகோ நிறுவனத்தின் ஸ்ட்ரீம்லைன் வகையில் சிறிய பாயின்ட் 185 மி.மீ.; இரண்டுக்கு 370. ஐந்து வேகன் சைடிங்குக்கு 450. எல்லாம் கூட்டினால் 1,200 மி.மீ., சரியாக நாலடிக்குள் உட்கார்ந்துவிடும். டெண்டர் (கரியும் தண்ணீரும் சுமக்கும் தனி வண்டி) வைத்த 200 மி.மீ. இன்ஜின் வாங்கினால் 90 மி.மீ. கூடுதலாக வேண்டும், பலகை போதாது. கடைக்காரர் சொல்லும் நீளத்தில் கப்ளிங்கும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவைப் பொறுத்தவரை ஓஓ, ஹெச்ஓ இரண்டும் 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடும். 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் 'என்' (N) அளவு இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அதில் நான்கு சக்கர இன்ஜின் எடையே இல்லாமல் இருக்கும், துளித் தூசிக்கும் நின்றுவிடும். முதல் ஷண்டிங் இன்ஜினை 'என்' அளவில் வாங்க வேண்டாம்.

பாயின்ட்டில் ஏன் நிற்கிறது?

பாயின்ட்டின் நடுவில் இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் 'வி' வடிவ மூக்கு ஒன்று இருக்கும். அதைத்தான் ஃப்ராக் என்கிறோம். அதில் இடது, வலது மின்சாரம் இரண்டும் சந்தித்து ஷார்ட் ஆகாமல் இருக்க, இன்சுல்ஃப்ராக் வகையில் அந்த இடத்தை பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். சக்கரம் அதன் மேல் ஏறியதும் மின்சாரம் வராது. வேகமாகப் போகும் ரயில் தன் வேகத்திலேயே கடந்துவிடும். ஊர்ந்து போகிற ஷண்டருக்கு அந்த வேகம் இல்லை, அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே எத்தனை சக்கரம் மின்சாரம் எடுக்கிறது, முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் எவ்வளவு தூரம் (வீல்பேஸ்) என்ற இரண்டு கணக்கையும் வாங்கும் முன்பே போட்டுவிடுங்கள். நிஜத்தில் ஐந்தரை அடி வீல்பேஸ் உள்ள 0-4-0 இன்ஜின் (இந்த எண்கள் முன்சக்கரம், இயக்கும் சக்கரம், பின்சக்கரம் எத்தனை என்பதைச் சொல்பவை) ஓஓ மாடலில் 22 மி.மீ.க்குச் சுருங்கிவிடும். 12 அடி வீல்பேஸ் உள்ள பிரிட்டனின் 'டெரியர்' 0-6-0 டேங்க் இன்ஜின் 48 மி.மீ. வரும். பதினாறரை அடி 'ஜின்டி' 66 மி.மீ. உங்கள் பாயின்ட்டில் மின்சாரம் வராத செத்த பகுதியை மல்டிமீட்டர் வைத்து அளந்துகொள்ளுங்கள். இன்ஜினின் வீல்பேஸ் அந்த நீளத்தைப்போல் இரண்டு மடங்காவது இருந்தால் நிம்மதி.

மனசுக்குப் பிடித்தது 0-4-0தான் என்றால் தாராளமாக வாங்கலாம். பாயின்ட்டைத்தான் மாற்ற வேண்டும். எலக்ட்ரோஃப்ராக், யூனிஃப்ராக் வகைகளில் மூக்கு உலோகம். பாயின்ட் திரும்பும் பக்கத்துக்கு ஏற்ப ஒரு சுவிட்ச் வழியாக அந்த மூக்குக்கு மின்சாரம் கொடுங்கள். எலக்ட்ரோஃப்ராக்கில் நாக்குத் தண்டவாளம் தொடுவதாலேயே மின்சாரம் வருமே என்று விட்டுவிட்டால், ஆறு மாதத்தில் அந்த இடத்தில் அழுக்கு ஏறி பாயின்ட் செத்துப்போகும். ஒரு மைக்ரோ சுவிட்ச் போட்டால் தீர்ந்தது.

இன்னொரு பொறி டயர். இழுவை கூடட்டும் என்று சில மாடல்களில் இரண்டு சக்கரத்துக்கு ரப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள். அந்தச் சக்கரம் மின்சாரம் எடுக்காது. நான்கில் இரண்டு போனால் மிச்சம் இரண்டுதான். ஷண்டிங் வேலைக்கு ரப்பர் டயர் இல்லாததையே தேடுங்கள். இழுவைக்கு எடை இருந்தால் போதும். சமையலறைத் தராசில் வைத்தால் 120 கிராம் காட்டும் இன்ஜின், சமதளத்தில் எட்டு வேகனைச் சிரமமில்லாமல் இழுக்கும்.

டேங்க்கா, டெண்டரா?

டேங்க் இன்ஜின் தண்ணீரையும் கரியையும் தன் மேலேயே சுமக்கிறது. நீளம் குறைவு, இரண்டு திசையிலும் ஒரே மாதிரி ஓடும். டெண்டர் வகையில் டெண்டர் சக்கரங்களும் மின்சாரம் எடுக்கும் என்பது நல்ல விஷயம். ஆனால் இரண்டுக்கும் நடுவே போகும் மெல்லிய ஒயர்தான் முதலில் அறுகிற இடம். அமெரிக்காவில் 1918 முதல் கட்டப்பட்ட யுஎஸ்ஆர்ஏ (அப்போதைய அரசு ரயில் நிர்வாகம்) 0-6-0 ஷண்டரின் மாடல்கள் பழைய சந்தையில் நிறைய வரும், ஓட்டமும் அருமை. ஆனால் அதற்குப் பஃபர் (முனையில் மோதலைத் தாங்கும் வட்டத் தலை) கிடையாது. தலையில் மணி, வேறு வகைக் கப்ளிங்.

மதுக்கரை சிமென்ட், பீளமேட்டு மில், ஈரோட்டு மஞ்சள் கிடங்கு மாதிரி ஒரு சைடிங் அமைக்க நினைப்பவர்களுக்கு பிரிட்டிஷ் உருவம்தான் பொருந்தும். நம் ரயில்வேயின் பழைய வேகன்களும் இன்ஜின்களும் பக்கப் பஃபர் வைத்த அந்த வம்சம்தான். மேட் கறுப்பு அடித்து, பஃபர் பலகைக்குச் சிவப்பு கொடுத்தால் கண்ணுக்குச் சரியாக இருக்கும். அகலத்தில் மட்டும் சமாதானம் செய்துகொள்ள வேண்டும். நம் பிராட்கேஜ் 1,676 மி.மீ.; ஓஓ அளவில் அதற்கு 22 மி.மீ. தண்டவாளம் வேண்டும், நாம் ஓட்டுவதோ 16.5இல். மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் இன்ஜின் மேல் ஆசை இருப்பவர்கள் அதைத் தனி லேஅவுட்டுக்கு வைத்துக்கொள்ளட்டும். அது பல்சக்கரத்தால் மலை ஏறும் 0-8-2 மீட்டர்கேஜ் இன்ஜின், ஷண்டிங்குக்கு உரியதல்ல.

கையில் எடுத்துச் சோதிப்பது

பழைய இன்ஜின் வாங்கும்போது ஒரு 9 வோல்ட் பேட்டரி, முதலைக் கிளிப் வைத்த இரண்டு ஒயர், ஒரு ஸ்கேல் கொண்டுபோங்கள். இன்ஜினை மல்லாக்கத் துணி மேல் வையுங்கள். ஒரு கிளிப்பை இடது பக்க முதல் சக்கரத்தின் விளிம்பில் பிடித்து, மற்ற ஒயரால் வலது பக்கச் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ஒவ்வொன்றைத் தொடும்போதும் மோட்டார் சுற்ற வேண்டும். எந்தச் சக்கரத்தில் சுற்றவில்லையோ, அங்கே உள்ளிருக்கும் பித்தளைத் தகடு சக்கரத்தைத் தொடவில்லை அல்லது அழுக்கேறியிருக்கிறது. பிறகு பக்கத்தை மாற்றிச் செய்யுங்கள். டிசிசி (இன்ஜினை டிஜிட்டல் கட்டளையால் இயக்கும் முறை) டீகோடர் பொருத்தியிருந்து அதில் டிசி ஓட்டத்தை அணைத்து வைத்திருந்தால் பேட்டரிக்குச் சுற்றாது, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து காதைக் கொடுங்கள். சக்கரம் ஒரு சுற்று வரும்போது ஒரு தடவை 'டக்' என்று தட்டினால் அச்சுப் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கலாம். பிளாஸ்டிக் பல்சக்கரம் வருடக்கணக்கில் அச்சில் இறுகி இருந்து பிளந்துபோவது பழைய மாடல்களில் சகஜம். தட்டாமல் நொண்டி நொண்டி ஓடினால் சக்கரங்களின் கோணம் பிசகியிருக்கும். இடது கிராங்க்கும் வலது கிராங்க்கும் 90 டிகிரி வித்தியாசத்தில் இருக்க வேண்டும். ஒரு அச்சில் அது சற்று மாறினாலும் இணைப்புத் தண்டு இழுத்துப் பிடிக்கும். பல்சக்கரத்துக்கு மாற்று கிடைக்கும். கோணப் பிசகைத் தனிக் கருவி இல்லாமல் சரிசெய்வது கஷ்டம், அந்த இன்ஜினை விட்டுவிடுங்கள்.

இரண்டு சக்கரங்களின் உட்புற இடைவெளி ஓஓவில் 14.4 முதல் 14.5 மி.மீ. வரை இருக்கட்டும். குறைந்தால் பாயின்ட்டின் காவல் தண்டவாளத்தில் ஏறித் தடம் புரளும்.

கடைசியாக, ஊர்தல். நேரான தண்டவாளத்தில் ஒரு அடிக்குக் கோடு போடுங்கள். ஓஓவில் மணிக்கு 5 கி.மீ. வேகம் என்றால் அந்த ஒரு அடியைக் கடக்க 17 வினாடி ஆகும். நல்ல மோட்டார் 30 வினாடியிலும் நிற்காமல் போகும். ஸ்டார்ட்டர் செட்டுகளில் வரும் மலிவான 0-4-0 பலவும் இரண்டு மூன்று வினாடியில் பாய்ந்துவிடும். பல்சக்கர விகிதமே அப்படி. கண்ட்ரோலரை மாற்றினாலும் முழுதாக அடங்காது. குழந்தைகள் சுற்றிவிட்டு விளையாட அது நல்ல சாமான், ஷண்டிங்குக்கு ஆகாது. ஐந்து துருவ மோட்டார், முடிந்தால் ஒரு ஃப்ளைவீல் (ஓட்டத்தைச் சீராக்கும் கனமான சக்கரம்), இந்த இரண்டையும் தேடுங்கள். கோர்லெஸ் (இரும்பு மையம் இல்லாத) மோட்டார் என்று எழுதியிருந்தால், மோட்டார் வேகத்தைப் பார்த்துத் தானே மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய ஃபீட்பேக் கண்ட்ரோலரில் ஓட்டாதீர்கள், சூடேறிக் கருகிவிடும்.

வாங்கும் இடத்தில் சிக்க வேண்டாம்

ஜெர்மன் நிறுவனமான மெர்க்லினின் ஹெச்ஓ இன்ஜின்கள் குறைந்த விலைக்கு வந்தால் கை போய்விடும். அவற்றில் பெரும்பாலானவை நடுவில் மின்சாரம் எடுக்கும் மூன்று தண்டவாள ஏசி முறை. இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் நடுவே இன்சுலேஷன் இராது, நம் இரண்டு தண்டவாள டிசி லைனில் வைத்த நொடியே ஷார்ட்.

அமெரிக்காவிலிருந்து செட்டாகக் கொண்டுவந்தால் இன்ஜினைப் பற்றிக் கவலை வேண்டாம், பவர் பேக்தான் வில்லங்கம். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. பிளக்கை மட்டும் மாற்றி நம் 230 வோல்ட்டில் சொருகினால் புகைந்துவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள், அல்லது கண்ட்ரோலரை இங்கேயே வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் மாடல் ரயில்களுக்குச் சுங்க வரி கட்ட வேண்டியிருக்கும். நடப்பு வரி விகிதத்தைப் பார்த்து, தபால் செலவுக்கும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே ஆர்டர் போடுங்கள்.

டிசிசி நினைப்பு இருந்தால் டீகோடர் சொருகும் சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். குட்டி இன்ஜின்களில் 6 பின் அல்லது நெக்ஸ்ட்18 வரும். கூடவே ஸ்டே-அலைவ் கெப்பாசிட்டருக்கு (நொடி நேரத்துக்கு மின்சாரம் சேமித்து வைப்பது) டேங்க்குக்குள் இடம் இருந்தால் செத்த ஃப்ராக்கையும் தாண்டிவிடும். கப்ளிங்குக்கு என்.இ.எம். 362 என்ற ஐரோப்பியத் தர அளவில் பொந்து இருப்பது நல்லது. கேடி நிறுவனத்தின் 17 முதல் 20 வரை எண் கப்ளிங்குகளில் நீளத்துக்கு ஏற்றதைச் சொருகி, மூங்கில் குச்சி ஒன்றை நடுவில் விட்டுத் திருப்பினால் கழன்றுவிடும். காந்தத்தால் கழற்ற நினைத்தால் வேகன்களின் அச்சு இரும்பாக இருக்கக் கூடாது, காந்தம் வேகனையே இழுக்கும்.

பஞ்சும் ஆடிக் காற்றும்

திருப்பூர், சோமனூர், பல்லடம் பக்கம் வீடு என்றால் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். விசைத்தறியிலிருந்தும் பனியன் கம்பெனியிலிருந்தும் துணியோடு வரும் பஞ்சிழை, தண்டவாளத்தின் மேல் படிந்து சக்கரத்தோடு சுற்றி அச்சில் நூலாக இறுகும். எண்ணெய் அதிகம் விட்ட இன்ஜினில்தான் இது விரைவாக நடக்கிறது. ஊசி முனையில் தொட்டு ஒரு சொட்டில் கால்வாசி போதும். கைக்கு எட்டுகிற தையல் மெஷின் எண்ணெயை பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் விடாதீர்கள்; பிளாஸ்டிக்குக்கு ஒத்தது என்று எழுதிய மாடல் எண்ணெயே வேண்டும். மாதம் ஒரு தடவை இன்ஜினை மல்லாக்கப் போட்டு, அச்சில் சுற்றிய இழையை மெல்லிய இடுக்கியால் பிடித்து, சக்கரத்தைப் பின்பக்கமாகத் திருப்பி உருவுங்கள்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் காற்று வீசத் தொடங்கியதும் கோவைப் பக்கம் தூசி அடுக்கடுக்காய்ப் படியும். ஓட்டாத நேரத்தில் பலகையைத் துணியால் அல்ல, பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். தண்டவாளத்தைத் துடைக்க மொபைல் ரிப்பேர் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நல்லது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

புது இன்ஜின் வந்ததும் டீகோடர் போடும் முன் டிசியில் நடுத்தர வேகத்தில் முன்பக்கம் அரை மணி, பின்பக்கம் அரை மணி ஓட்டுங்கள். சுற்றுத் தண்டவாளம் இல்லாவிட்டால் சக்கரத்துக்கு அடியில் உருளை வைத்து நின்ற இடத்திலேயே ஓட்டலாம். ஓடி முடிந்ததும், நிற்காமல் எவ்வளவு மெதுவாக ஊர்கிறது என்ற ஒரு அடிக் கணக்கை மறுபடி எடுங்கள். நேரம் கூடியிருந்தால் பல்சக்கரங்கள் படிந்துவிட்டன, டீகோடரைச் சொருகி சிவி 2, 3, 4 (தொடக்க மின்னழுத்தம், வேகம் கூடும் விதம், குறையும் விதம்) மூன்றையும் அமைக்கலாம். முன்பக்கம் ஓடும்போதும் பின்பக்கம் ஓடும்போதும் நேரம் வெகுவாக வேறுபட்டால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் கடைக்கு எழுதிவிடுங்கள்.