கரீபியன் தொடருக்கு முன்னோட்டம் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி கடைசி வாரம் வந்தால், எனக்குத் தெரிந்த சில இளைஞர்கள் கரீபியன் தொடர் பேஸ்பால் போட்டிக்கு முன்னோட்டம் எழுதி எனக்கு அனுப்பிவைப்பார்கள். உழைத்து எழுதியிருப்பார்கள், எண்கள் சரியாக இருக்கும், நடையும் நன்றாக இருக்கும். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன்பு நான் எந்த இடத்தில் சறுக்கினேனோ அதே இடத்தில் அவர்களும் சறுக்கியிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. விதி தெரியாமல் எழுதுவது, ஸ்கோரைத் தவறாகப் படிப்பது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. ஓரளவு ஆட்டம் தெரிந்தவர்கள் செய்யும் தவறுகளே இங்கு உள்ளவை.

புதியவர்களுக்காகச் சில வரிகள். கரீபிய நாடுகளிலும் அவற்றை ஒட்டிய நாடுகளிலும் அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை குளிர்கால லீக் ஆட்டங்கள் நடக்கின்றன. அந்தந்த லீக்கின் சாம்பியன்கள் பிப்ரவரித் தொடக்கத்தில் ஓர் ஊரில் கூடி மோதுவதே கரீபியன் தொடர். 1949இல் ஹவானாவில் நடந்த முதல் தொடரில் கியூபாவின் அல்மெந்தாரெஸ் அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் வென்றது. 1960 வரை நடந்த 12 தொடர்களில் ஏழு தொடர்களைக் கியூப அணிகளே வென்றன. புரட்சிக்குப் பிறகு அங்கே தொழில்முறை விளையாட்டு ஒழிக்கப்பட்டதால் தொடர் நின்றுபோனது. 1970இல் கராகஸில் மீண்டும் தொடங்கியது. இன்று டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா, மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ ஆகிய நான்கும் அதன் தூண்கள்.

பட்டப்பெயரை வைத்து அணியை அடையாளம் காண்பது

லியோனெஸ் என்றால் சிங்கங்கள். கராகஸ் அணிக்கும் அதே பெயர், சான்டோ டொமிங்கோவின் எஸ்கோஹிதோவுக்கும் அதே பெயர், போர்ட்டோ ரிக்கோவின் போன்சேவுக்கும் அதே பெயர். ஒரு காலத்தில் ஹவானாவுக்கும் அதுவே பெயராக இருந்தது. கழுகுகள் என்று பொருள்படும் அகிலாஸ் டொமினிகன் குடியரசிலும் உண்டு, மெக்சிகாலியிலும் உண்டு, வெனிசுவேலாவின் சூலியாவிலும் உண்டு. புலிகள் என்று பொருள்படும் டிக்ரெஸ் என்றால் டொமினிகன் குடியரசின் லிசேயா, வெனிசுவேலாவின் அரகுவாவா என்று கேட்க வேண்டும். தோரோஸ், ஹிகாந்தெஸ் என்ற பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. "சிங்கங்கள் வென்றன" என்று தமிழில் அழகாகத் தலைப்பிட்டுவிட்டுப் பழைய பதிவுகளை எடுத்துக் கோத்தால், ஒரு நாட்டின் வெற்றி இன்னொரு நாட்டின் கணக்கில் ஏறிவிடும். ஊர்ப்பெயரையோ கழகப் பெயரையோ சேர்த்தே எழுதுங்கள்: லிசே, எஸ்கோஹிதோ, சிபாயேன்யாஸ், மெக்சிகாலி.

மெக்சிகோவின் இரண்டு லீக்குகளை ஒன்றாக்குவது

கோடையில் நடப்பது வேறு, குளிர்காலத்தில் பசிபிக் கரையை ஒட்டி நடப்பது வேறு. மெக்சிகோ நகரத்தின் தியாப்லோஸ் ரோஹோஸ் கோடை லீக்கைச் சேர்ந்தது. அங்கே எத்தனை முறை பட்டம் வென்றாலும் அந்த அணி கரீபியன் தொடருக்கு வராது. ஹெர்மொசீயோ, குலியாகான், ஒப்ரெகோன், மெக்சிகாலி, ஹாலிஸ்கோ ஆகியவையே நீங்கள் தேட வேண்டிய பெயர்கள்.

லீக்கை வென்ற அணி அப்படியே வரும் என்று நம்புவது

இதைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன். ஒவ்வோர் ஆண்டும் இந்தத் தவறைப் பார்க்கிறேன். இன்னும் எனக்குக் கோபம் வருகிறது. காரணம், இதைத் தவிர்க்க ஒரே ஒரு பட்டியலைப் படித்தால் போதும்.

நம் ஊர் வாசகர்களுக்கு இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. 2009 முதல் 2014 வரை நடந்த சாம்பியன்ஸ் லீக் டி20யில் சென்னை சூப்பர் கிங்ஸ் இரண்டு முறை கோப்பையை வென்றது. இரண்டு முறையும் களமிறங்கியவர்கள் சென்னையின் ஆட்கள்தான். மும்பையிலிருந்து ஒரு பந்துவீச்சாளரையும் கொல்கத்தாவிலிருந்து ஒரு மட்டையாளரையும் இரண்டு வாரத்துக்கு வாங்கிக்கொண்டு போக வழியே இல்லை. அதைப் பார்த்து வளர்ந்த கண், கரீபியன் தொடரையும் அப்படியே பார்க்கிறது. கரீபியன் தொடரிலோ, தன் லீக்கின் பிற அணிகளிலிருந்து வீரர்களை எடுத்துக்கொள்வது சாம்பியன் அணியின் உரிமை. அப்படி வருபவர்களை ஸ்பானிஷில் ரெஃபுவெர்சோ என்பார்கள். வலுச் சேர்க்க வந்தவர் என்று பொருள். நான் என் குறிப்பேட்டில் இரவல் வீரர் என்று எழுதிக்கொள்கிறேன். நேற்றுவரை இறுதிச்சுற்றில் எதிரணியில் நின்று பந்து வீசியவர், இன்று அதே சாம்பியனின் சட்டையை அணிந்து நாட்டுக்காக வீசுவார். ஊர் ரசிகர்கள் அதை இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே கழகத்தின் பெயரோடு நாட்டின் பெயரும் சேர்ந்தே களமிறங்குகிறது.

இரவல் வருவதுபோலவே இருப்பவர் போவதும் உண்டு. லீக் காலத்தில் ஆடிய அமெரிக்க வீரர்களில் பலர் ஜனவரிக்குள் ஊர் திரும்பியிருப்பார்கள். அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக்கின் அணிகளோடு ஒப்பந்தம் உள்ள பிட்சர்களுக்கு, அதாவது பந்து வீசுபவர்களுக்கு, அந்த அணிகள் வரம்பு விதிக்கலாம். கோடையில் நிறைய இன்னிங்ஸ் வீசியவரை இனி வீச வேண்டாம் என்று தடுக்கலாம். பிப்ரவரி நடுவில் அமெரிக்காவில் வசந்தகாலப் பயிற்சி முகாம்கள் திறக்கின்றன. அதற்கு முன் ஓய்வு வேண்டும் என்று விலகிக்கொள்பவர்களும் உண்டு. இவை போதாதென்று, லீக்கின் உள்ளேயே ஆள்மாற்றம் ஒருமுறை நடந்து முடிந்திருக்கும். முதற்கட்டத்தில் வெளியேறிய அணிகளின் வீரர்களை அடுத்த சுற்றுக்கு முன்னேறிய அணிகள் எடுத்துக்கொள்ளும் வழக்கம் டொமினிகன் லீக்கிலும் உண்டு, வெனிசுவேலா, மெக்சிகோ லீக்குகளிலும் உண்டு. ஆகவே அக்டோபரில் நீங்கள் பார்த்த அணி ஜனவரியில் ஒருமுறை மாறி, பிப்ரவரியில் மறுமுறை மாறி வந்து நிற்கிறது.

இது தெரியாமல் நான் இழந்ததைச் சொல்கிறேன். ஒரு சிறிய விளையாட்டு இதழ் முதன்முறையாக எனக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்தேன். நீள வாக்கில் கோடு போட்ட கணக்குப் புத்தகத்தில், சாம்பியன் அணியின் ஒன்பது பேட்டர்கள், ஐந்து பிட்சர்கள், ஒவ்வொருவருக்கும் லீக் முழுவதற்குமான எண்கள் என்று நீல மையில் நிரப்பினேன். இடக்கைப் பிட்சர் ஒருவரைப் பற்றி மட்டும் பக்கத்தில் கால்வாசியை எழுதினேன். அவருடைய வளைபந்து எந்த உயரத்திலிருந்து விழத் தொடங்குகிறது என்பதுவரை விவரித்திருந்தேன். இதழ் அச்சாகிக் கைக்கு வந்த அன்றுதான் அணிப் பட்டியலைப் பார்த்தேன். அந்த இடக்கையர் அதில் இல்லை; லீக் இறுதிச்சுற்று முடிவதற்கு முன்பே அவர் நாடு திரும்பிவிட்டார். நான் எழுதிய ஒன்பது பேட்டர்களில் நால்வரும் இல்லை. தொடரின் முதல் ஆட்டத்தை வென்று கொடுத்தவர் இரவல் வந்த பிட்சர். அவர் பெயர் என் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. அச்சான பக்கத்தைத் திரும்ப வாங்க முடியாது. அந்த இதழ் அதன் பிறகு என்னிடம் எதையும் கேட்கவில்லை, கேட்காததில் தவறும் இல்லை.

அன்றிலிருந்து மூன்று நிற மை வைத்திருக்கிறேன். முதற்கட்ட லீக்கில் ஆடியவர் நீலம். அடுத்த சுற்றுக்கு எடுக்கப்பட்டவர் சிவப்பு. கரீபியன் தொடருக்கென வந்த இரவல் வீரர் பச்சை. போனவர்களின் பெயர் மேல் ஒரு கோடு. பட்டியல் வெளியான இரவில் பக்கத்தைப் பார்த்தால் அணியின் உண்மையான உருவம் தெரியும். சில ஆண்டுகளில் பச்சை மை நீலத்தைவிட அதிகமாக இருக்கும். அப்போது லீக் எண்களை வைத்து அணியை எடைபோடுவதில் பொருளே இல்லை. அவர்கள் ஓர் அணியாகச் சேர்ந்து ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்க மாட்டார்கள். யார் எந்த இடத்தில் பேட் செய்வார், கேட்சருக்கு எந்தப் பிட்சரின் பந்து பழக்கம் என்பதை முதல் இரண்டு ஆட்டங்களைப் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

1995ஐ உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். சான் ஹுவான் அணி அந்தத் தொடரை ஆறு ஆட்டங்களில் ஆறு வெற்றியோடு முடித்தது. ரொபெர்ட்டோ அலோமார், எட்கர் மார்டினெஸ், ஹுவான் கொன்சாலெஸ், பெர்னி வில்லியம்ஸ், கார்லோஸ் டெல்காடோ, கார்லோஸ் பாயேர்கா, ரூபென் சியெரா என்று அதன் வரிசையைப் படித்தால் மூச்சு முட்டும். இத்தனை பேரும் ஒரே கழகத்தில் எப்படி இருந்தார்கள் என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். இருக்கவில்லை என்பதுதான் பதில். சாம்பியனான சான் ஹுவான், போர்ட்டோ ரிக்கோவின் பிற கழகங்களின் நட்சத்திரங்களையும் சேர்த்துக்கொண்டு வந்தது. 1994 ஆகஸ்டில் தொடங்கிய மேஜர் லீக் வேலைநிறுத்தம் அப்போதும் முடியாததால் அவர்கள் அனைவருக்கும் ஆட நேரமும் இருந்தது. அந்த அணியின் வலிமையை அந்த ஆண்டு லீக் அட்டவணையில் தேடினால் கிடைக்காது.

ஆகவே இறுதிப் பட்டியல் வெளியாகும்வரை முன்னோட்டம் எழுதாதீர்கள். இதழாசிரியர் அவசரப்படுத்தினால், வரலாற்றைப் பற்றியோ மைதானத்தைப் பற்றியோ எழுதிக் கொடுங்கள். ஆட்களைப் பற்றி எழுதாதீர்கள்.

ஏழெட்டு ஆட்டங்களின் சராசரியை நம்புவது

நம்பாதீர்கள். 1955இல் கராகஸில் போர்ட்டோ ரிக்கோவின் சந்துர்சே அணிக்கு ஆடிய அமெரிக்க நட்சத்திரம் வில்லி மேஸ், தொடக்கத்தில் ஒரு ஹிட்கூட இல்லாமல் தவித்துவிட்டு, வெனிசுவேலாவின் மகயானெஸுக்கு எதிராகக் கூடுதல் இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார்.

சிறிய லீக் என்று ஒதுக்குவது

2019 தொடர் வெனிசுவேலாவின் பார்கிசிமேத்தோவில் நடக்க வேண்டியது. அந்நாட்டின் நெருக்கடியால் கடைசி நேரத்தில் பனாமா நகருக்கு மாற்றப்பட்டது. இடம் கொடுத்த நாடு என்பதால் பனாமாவின் தோரோஸ் தெ எரேராவுக்கும் வாய்ப்புக் கிடைத்தது. 1960க்குப் பிறகு பனாமா தொடருக்குள் வந்தது அப்போதுதான். மரியாதைக்கு அழைத்திருக்கிறார்கள் என்று எழுதியவர்கள் பலர். எரேரா இறுதி ஆட்டத்தில், தொடருக்குத் திரும்பியிருந்த கியூபாவின் லாஸ் துனாஸை வென்று கோப்பையை எடுத்துச் சென்றது. பனாமாவின் முந்தைய பட்டம் 1950இல் கார்த்தா வியேஹா வென்றது. மூன்றே ஆண்டுகளில் 2022இல் சான்டோ டொமிங்கோவில் கொலம்பியாவின் பாரன்கீயா, உள்ளூர் அணியான ஹிகாந்தெஸ் தெல் சிபாவோவை இறுதியில் வீழ்த்தி, தன் நாட்டின் முதல் பட்டத்தை வென்றது. சிறிய லீக்கின் சாம்பியனுக்கும் இரவல் வீரர்கள் உண்டு என்பதை மறந்துவிட்டே அதை ஒதுக்குகிறோம்.

போன ஆண்டு விதியை இந்த ஆண்டுக்குப் பொருத்துவது

நாட்டுக்கு ஒரு சாம்பியன் என்பதுகூட எப்போதும் உண்மையல்ல. 2007-08இல் போர்ட்டோ ரிக்கோ லீக் நடக்காததால், 2008 தொடரில் டொமினிகன் குடியரசிலிருந்து லிசே, அகிலாஸ் சிபாயேன்யாஸ் என இரண்டு அணிகள் ஆடின, வென்றது லிசே. இறுதி ஆட்டம் என்ற ஏற்பாடே 2013இல்தான் வந்தது. அதற்கு முன் வழக்கமாக எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை மோதி, அதிக வெற்றி பெற்றவர் சாம்பியன். 2023இல் எட்டு அணிகள், 2024இல் ஏழு, 2025இல் ஐந்து; அந்த ஐந்தில் ஒன்றான ஜப்பான் பிரீஸ் எந்த லீக்கின் சாம்பியனும் அல்ல, அழைப்பின் பேரில் திரட்டப்பட்ட அணி.

இதை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2015இல் சான் ஹுவானில் நடந்த தொடர் போதும். கியூபாவின் பினார் தெல் ரியோ முதற்சுற்றில் நான்கில் ஒரே ஓர் ஆட்டத்தை வென்றது. ஐந்து அணிகளில் நான்கு அரையிறுதிக்குப் போகும் என்பது அந்த ஆண்டின் விதி. அதைப் படிக்காதவர்கள் அந்த அணிக்கு இரங்கல் எழுதி முடித்த நேரத்தில், அது அரையிறுதியையும் இறுதியையும் வென்று சாம்பியனாகி நின்றது.

ஆசியத் தொடரின் பதிவுகளோடு கலப்பது

அது ஆசிய பேஸ்பால் லீக்குகளின் சாம்பியன்களுக்கென 2005இல் தொடங்கி 2013இல் நின்றுபோன வேறொரு போட்டி.

தேதி

மயாமியில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் சென்னையில் மறுநாள் காலை ஆறரைக்குத் தொடங்கும். கராகஸிலோ சான் ஹுவானிலோ என்றால் காலை ஐந்தரை. மெக்சிகாலியில் என்றால் ஒன்பதரை. குறிப்பேட்டில் அங்குள்ள தேதியை எழுதுங்கள், இங்குள்ளதை ஓரத்தில் எழுதுங்கள். 2013இல் ஹெர்மொசீயோவில் நடந்த இறுதி ஆட்டம் இரண்டு தேதியிலும் சிக்கிக்கொண்டது. ஒப்ரெகோனும் எஸ்கோஹிதோவும் 18 இன்னிங்ஸ், 7 மணி 28 நிமிடம் ஆடின. நாம் காலைக் காப்பியோடு பார்க்கத் தொடங்கிய ஆட்டம், அங்கே நள்ளிரவைத் தாண்டிய பிறகு, ஒப்ரெகோனின் டக் கிளார்க் அடித்த ஹோம் ரன்னில் 4-3 என்று முடிந்தது. அந்தப் பக்கத்தில் 12ஆவது இன்னிங்ஸோடு கட்டங்கள் தீர்ந்துபோய், மிச்சத்தை நான் பின்னட்டையின் உட்புறத்தில் கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.