கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் எதைச் செய்யக்கூடாது?

கம்ப்யூட்டருக்குப் புதியவர்களிடம் ஒரு வேடிக்கை உண்டு. செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள் என்றால் கை நடுங்கும், "ஏதாவது ஆயிடுமோ" என்று மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். அதே ஆள், திரையில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வந்து 'உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்' என்று மிரட்டினால் கொஞ்சமும் யோசிக்காமல் போனை எடுத்து நம்பரை அழுத்திவிடுவார். பயப்பட வேண்டாத இடத்தில் பயம், பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டுத் துணிச்சல்.

மெனுவைத் திறந்து பார்ப்பதாலோ, வேறு ஐகானைத் தட்டிவிடுவதாலோ, ஒரு விண்டோவைத் தெரியாமல் மூடிவிடுவதாலோ கம்ப்யூட்டர் கெட்டுப்போகாது. பெரிய சேதம் வருவதெல்லாம் ஒரு சில காரியங்களால்தான்: அழிப்பது, ஃபார்மட் செய்வது (டிஸ்க்கை மொத்தமாகத் துடைப்பது), கண்டதை இன்ஸ்டால் செய்வது, பாஸ்வேர்டைக் கொடுப்பது, வேலை நடக்கும்போது பாதியில் கரண்டை நிறுத்துவது. இவற்றில் ஒன்றைச் செய்யப்போகிறீர்கள் என்றால் மட்டும் நின்று யோசியுங்கள். மற்றதைத் தாராளமாகத் தொட்டுப் பார்க்கலாம். (கீழே இருப்பது எல்லாம் விண்டோஸை வைத்து எழுதியது, பெரும்பாலான வீடுகளில் இருப்பது அதுதான்.)

படிக்காமல் மூடுவது

உதவி கேட்டு வரும் போன் அநேகமாக இப்படித்தான் போகும்.

"ஏம்ப்பா, சிஸ்டம் வேலை செய்யலப்பா."

"ஸ்கிரீன்ல என்ன வந்துச்சு சித்தப்பா?"

"என்னமோ ஒரு பெட்டி வந்துச்சு, க்ளோஸ் பண்ணிட்டேன்."

"அதுல என்ன போட்டிருந்துச்சு?"

"யாருக்குத் தெரியும், எர்ரர்னு இருந்துச்சு."

அந்தப் பெட்டியில்தான் பாதி விடை இருந்தது. டிஸ்க்கில் இடமில்லை என்பதும், ஃபைலைத் திறக்க அனுமதி இல்லை என்பதும், பிரிண்டர் ஆஃப்லைனில் இருக்கிறது என்பதும் வேறு வேறு கோளாறு. மூன்றுக்கும் 'எர்ரர்' என்றுதான் பெயர். எனவே ஓகே, கேன்சல் எதையும் தொடும் முன்பு போனை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. நீலத் திரை வந்து நின்றாலும் (புதிய விண்டோஸ் 11-இல் அது கறுப்பாகிவிட்டது) இதே கதைதான். அதில் 'ஸ்டாப் கோடு' என்று ஒரு வரி இருக்கும், அந்த வரியை அப்படியே கூகுளில் போட்டால் உங்களுக்கு முன்னால் அதே சிக்கலில் மாட்டியவர்கள் எழுதியது கிடைக்கும்.

'வேலை செய்யவில்லை' என்று சொல்வதையும் விட்டுவிடலாம், அதில் தகவலே இல்லை. விளக்கு எரிகிறதா, ஃபேன் சத்தம் கேட்கிறதா, திரை மட்டும் கறுப்பா, டெஸ்க்டாப் வரை வந்து நிற்கிறதா? சத்தம் வந்து படம் மட்டும் வரவில்லை என்றால் சந்தேகம் மானிட்டர் மேலும் அதன் கேபிள் மேலும் போகும். எதுவுமே இல்லை என்றால் ப்ளக், சுவிட்ச், சார்ஜர். சிரிக்காதீர்கள், ப்ளக் சரியாகப் போகாததுதான் காரணம் என்று முடியும் கேஸ்கள் ஏராளம்.

ஷட் டவுனும் ரீஸ்டார்ட்டும் ஒன்று என்று நினைப்பது

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்துட்டேன், சரியாகல" என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் உண்மையில் ஆஃப் செய்திருக்க மாட்டார்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் உள்பகுதியின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு தூங்கப்போகும், மறுபடி ஆன் செய்தால் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டு சீக்கிரம் எழுந்துவிடும். வேகம் கிடைக்கிறது, சரி. ஆனால் உள்ளே ஏதாவது டிரைவர் (வைஃபை, பிரிண்டர் போன்றவற்றை இயக்கும் மென்பொருள்) சிக்கிக்கொண்டிருந்தால் அந்தச் சிக்கலும் சேர்ந்தே எழுந்துவரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

சந்தேகமாக இருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு சிபியு என்று போனால் கீழே 'அப் டைம்' என்று ஒரு கணக்கு ஓடும். தினமும் இரவு ஷட் டவுன் செய்பவர் கம்ப்யூட்டரில்கூட அது பல நாட்களைக் காட்டும். ரீஸ்டார்ட் செய்துவிட்டு வந்து பாருங்கள், பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பித்திருக்கும்.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது வேறு விஷயம். அது கடைசி வழி. ஹேங் ஆகிவிட்டது என்று தோன்றினால் முதலில் சில நிமிடம் சும்மா விடுங்கள், பழைய கம்ப்யூட்டர்கள் மூச்சு வாங்கும். அதன் பிறகும் அசையாவிட்டால் அதே டாஸ்க் மேனேஜரில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று நிற்கும் புரோகிராமை மட்டும் எண்ட் டாஸ்க் கொடுத்து மூடலாம். எதுவும் அசையாதபோது மட்டும் பவர் பட்டன். அப்டேட் ஓடும்போது, 'கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்' என்று திரையிலேயே எழுதியிருக்கும்போது, எவ்வளவு அவசரமாக இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். 30 சதவீதத்தில் அரை மணி நேரம் நிற்பதெல்லாம் சகஜம்.

ஒரே நேரத்தில் பத்து விஷயம் மாற்றுவது

இன்டர்நெட் வரவில்லை. யூடியூபில் ஒரு வீடியோ பார்த்து டிஎன்எஸ் மாற்றியாச்சு, இன்னொன்றில் சொன்னபடி ஃபயர்வாலை அணைத்தாச்சு, வைஃபை டிரைவரை அன்இன்ஸ்டால் செய்தாச்சு, கடைசியில் ரூட்டரையும் ரீசெட் செய்தாச்சு. இப்போது நாலு வைத்தியரிடம் மருந்து வாங்கி ஒரே வேளையில் விழுங்கியவர் நிலைதான்: சரியானாலும் எது கேட்டது என்று தெரியாது, மோசமானால் எது காரணம் என்றும் தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், பாருங்கள், பலனில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். என்ன மாற்றினோம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது.

ரூட்டர் விஷயத்தில் தனியாக ஒரு எச்சரிக்கை. ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டு ஆன் செய்வது நல்ல பழக்கம். ஆனால் அதன் பின்னால் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும், பக்கத்தில் ரீசெட் என்று எழுதியிருக்கும். அதைக் குத்திப் பிடித்தால் ரூட்டர் பெட்டியிலிருந்து எடுத்த நாளுக்குப் போய்விடும். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, இணைப்பு கொடுத்தவர்கள் போட்டுவைத்த லாகின் எல்லாம் போச்சு. அதற்கு முன்பு லேப்டாப்பில் ஏரோபிளேன் மோட் தவறுதலாக ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் மற்றவர்கள் போனில் அதே வைஃபையில் நெட் வருகிறதா என்றும் பாருங்கள். வருகிறது என்றால் ரூட்டர் மேல் குற்றமில்லை.

மிரட்டலுக்குப் பணிவது

பணம் போவது இங்கேதான், எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஏதோ ஒரு தளத்தில் எதையோ படித்துக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று திரை முழுக்க ஒரே பக்கம் விரிகிறது, சைரன் அலறுகிறது, 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், வங்கிக் கணக்கு ஆபத்தில், அணைக்காதீர்கள், இந்த எண்ணை அழையுங்கள்' என்று ஒரு குரல் பேசுகிறது. மூடும் பட்டனையே காணோம். வயிறு கலங்கத்தான் செய்யும், அதற்காகவே செய்யப்பட்ட பக்கம் அது. உண்மையில் அது வெறும் ஒரு வெப் பக்கம், முழுத்திரையில் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட்டின் நிஜமான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எஸ்கேப் கீயைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். அப்புறம் ஆல்ட்டும் எஃப்4-ம் சேர்த்து அழுத்தி மூடுங்கள். அடங்காவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை எண்ட் டாஸ்க் செய்யுங்கள். மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா' என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதே பக்கம் மறுபடி வந்து நிற்கும்.

அழைத்துவிட்டால் என்ன நடக்கும்? மறுமுனையில் ஒருவர் மிக மரியாதையாகப் பேசுவார். தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் போல ஏதாவது ஒன்றை இன்ஸ்டால் செய்யச் சொல்வார். ஈவன்ட் வியூவர் என்று ஒன்றைத் திறந்து வரிசையாகச் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும் குறிகளைக் காட்டி "பாருங்கள் எத்தனை வைரஸ்" என்பார். அந்தக் குறிகள் நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் இருக்கும், அது விண்டோஸ் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. பிறகுதான் பணப் பேச்சு. எனிடெஸ்க் தன்னளவில் நல்ல மென்பொருள்தான், ஆனால் முன்பின் தெரியாதவருக்கு அதில் கதவைத் திறந்துவிட்டால் அவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் நெட்டைத் துண்டியுங்கள், வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள்.

சமீப வருடங்களில் இதற்கு ஒரு தம்பியும் பிறந்திருக்கிறான். 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று ஒரு பக்கம் வரும், அதில் படம் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல், விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் அழுத்துங்கள், கன்ட்ரோல் வி அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள் என்று சொல்லும். நீங்கள் பார்க்காமலே அந்தப் பக்கம் ஒரு கட்டளையைக் காப்பி செய்து வைத்திருக்கும், அதை உங்கள் கையாலேயே ஓடவைப்பதுதான் தந்திரம். எந்த உண்மையான சோதனையும் இப்படிக் கேட்காது. பக்கத்தை மூடிவிட்டுப் போங்கள்.

ஸ்லோ என்றதும் க்ளீனர் தேடுவது

கம்ப்யூட்டர் ஸ்லோ என்று தேடினால் முதலில் கண்ணில் படுவதே விளம்பரங்கள்தான். ரெஜிஸ்ட்ரி க்ளீனர், டிரைவர் அப்டேட்டர், பிசி பூஸ்டர் என்று விதவிதமான பெயர்கள். இவை எதுவும் உங்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதிவைக்கும் இடம். அதைச் சுத்தம் செய்தால் வேகம் கூடாது, தப்பான வரி ஒன்று போனால் விண்டோஸே திறக்காமல் போகலாம். இரண்டு ஆன்டிவைரஸ் வைத்தால் இரட்டைப் பாதுகாப்பு என்பதும் பொய்க்கணக்கு. இரண்டும் ஒரே ஃபைலை மாறி மாறிச் சோதித்து இருக்கிற வேகத்தையும் தின்றுவிடும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர், சாதாரண வீட்டு உபயோகத்துக்குப் போதும். வேகம் வேண்டுமானால் டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் பகுதியைத் திறந்து, ஆன் செய்ததும் தானாக எழுந்துகொள்பவற்றில் தேவையில்லாததை டிசேபிள் செய்யுங்கள். அது எதையும் அழிக்காது, எப்போது வேண்டுமானாலும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

இடமில்லை என்று கண்டதை அழிப்பது

சி டிரைவ் சிவப்பாகிவிட்டது என்று விண்டோஸ் ஃபோல்டருக்குள் புகுந்து பெரிதாகத் தெரிவதை எல்லாம் டெலிட் செய்யாதீர்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போங்கள், அழிக்கலாம் என்று விண்டோஸே பட்டியல் கொடுக்கும். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது: அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி வரும். உங்கள் பில், சான்றிதழ், பிள்ளைகளின் ஹால் டிக்கெட் எல்லாம் அந்த ஃபோல்டரில்தான் கிடக்கும். எல்லாவற்றையும் டிக் அடிப்பவர்கள் அங்கேதான் விழுகிறார்கள்.

ரீசைக்கிள் பின் இருக்கிறதே என்ற தைரியமும் எல்லா இடத்திலும் செல்லாது. பென்டிரைவில் டெலிட் செய்தது அங்கே வராது. ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் சேமிப்பு) ஃபோல்டரில் அழித்தால் கம்ப்யூட்டரில் மட்டுமல்ல, ஆன்லைனிலும் போய்விடும். சொந்தக் கணக்கு என்றால் அங்குள்ள ரீசைக்கிள் பின்னில் 30 நாள் வரை இருக்கும், அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

ஃபார்மட் என்ற சொல்லைப் பார்த்தால் கையை எடுங்கள்

பென்டிரைவைச் செருகியதும் 'பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று ஒரு கேள்வி வரும். அதில் உங்கள் போட்டோக்கள் இருந்தால் கேன்சல் கொடுங்கள். வேறு போர்ட்டில், வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அப்போதும் அதே கேள்விதான் என்றால் அதில் எதையும் புதிதாக எழுதாமல், டேட்டா ரெகவரி தெரிந்தவரிடம் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வர ஆரம்பித்தாலும் அப்படித்தான், திரும்பத் திரும்ப ஆன் செய்து சோதிப்பதே அதைக் கொல்லும்.

விண்டோஸை ரீசெட் செய்யும் எண்ணம் வந்தால், 'என் ஃபைல்களை வைத்துக்கொள்' என்று தேர்ந்தெடுத்தாலும் நீங்கள் இன்ஸ்டால் செய்த புரோகிராம்கள் போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், பிட்லாக்கர் என்பார்கள். ஏதாவது பெரிய மாற்றம் நடந்தால் 48 இலக்க எண்ணைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அந்த எண் அநேகமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அது எந்த மெயில் ஐடி, பாஸ்வேர்டு என்ன என்பதை எல்லாம் நன்றாக இருக்கும்போதே பார்த்து எழுதி வையுங்கள், பூட்டிய பிறகு தேடினால் அவதிதான்.

பிரிண்டர் பற்றி ஒரே வரி: வரவில்லை என்று பிரிண்ட் பட்டனைத் திரும்பத் திரும்பத் தட்டாதீர்கள், அத்தனையும் வரிசையில் காத்திருந்து, சரியானதும் மொத்தமாக வந்து விழும்.

உதவப் போகிறவர்களுக்கும் கொஞ்சம். மவுஸைப் பிடுங்கி நாலு க்ளிக்கில் முடித்துவிட்டு "இவ்ளோதாம்மா" என்று எழுந்துவிட்டால் அடுத்த வாரம் அதே போன் வரும். மவுஸ் அம்மா கையிலேயே இருக்கட்டும், நீங்கள் சொல்லுங்கள், மெதுவாக. 'சிம்பிள்தான்' என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள், வராதபோது அவர்களுக்குக் குத்தும். தூரத்தில் இருந்தால் விண்டோஸிலேயே 'க்விக் அசிஸ்ட்' இருக்கிறது, கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். நீங்கள் கொடுக்கும் கோடை அவர்கள் போட்டால் அவர்கள் திரை உங்களுக்குத் தெரியும். திரையைப் பார்த்தபடி வழி சொல்லுங்கள், முடியாதபோது மட்டும் கன்ட்ரோல் கேளுங்கள். கூடவே, 'நான் போனில் இருக்கும்போது மட்டும்தான் இதைத் திறக்கணும், வேற யார் கோடு சொன்னாலும் போடக்கூடாது' என்று அழுத்திச் சொல்லிவிடுங்கள், ஏமாற்றுக்காரர்களுக்கும் இந்தக் கதவு தெரியும்.