குளவியின் நிறத்தை விட்டு இறக்கையைப் படமெடுங்கள்

ஒட்டுண்ணிக் குளவியை (பிற பூச்சிகளின் மேலோ உள்ளேயோ முட்டையிட்டு, அவற்றைத் தின்று வளரும் குளவி) பதிவு செய்யும்போது, முன் இறக்கையின் நரம்புகள் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் கட்டாயம் எடுங்கள். இறக்கையின் நடுவில் பின்விளிம்புப் பக்கம் இறங்கும் குறுக்கு நரம்புகள் இரண்டு இருந்தால் அநேகமாக இக்னியூமோனிடே குடும்பம். ஒன்றுதான் என்றால் பெரும்பாலும் பிராகோனிடே. நிறத்தை நம்ப முடியாது. மஞ்சளில் கரும்புள்ளி வைத்த சாந்தோபிம்ப்ளா பேரினத்திலேயே ஒன்றுபோலத் தெரியும் இனங்கள் பல. நரம்பமைப்போ குடும்பத்துக்குள் அவ்வளவாக மாறுவதில்லை.

பிராக்கிமேரியா, டிரைக்கோகிரம்மா போன்ற, கால்சிட் என்னும் வேறொரு பிரிவுக் குளவிகளுக்கு இது உதவாது, அவற்றின் இறக்கையில் நரம்பே மிகக் குறைவு. இனப்பெயர் வரை போக வேண்டுமானால் படம் மட்டும் போதாது, மாதிரி (பிடித்துப் பாதுகாத்த குளவி) வேண்டும். அப்புறம், குளவி வெளிவந்த கூட்டுப்புழு ஓட்டை எறிந்துவிடாதீர்கள், அது எந்தப் பூச்சிக்குள் வளர்ந்தது என்பதற்கு அதுதான் தடயம். அதையும் மாதிரியோடு சேர்த்து வையுங்கள்.